எச்சில் சொன்ன சாட்சி

'புகையிலை' என்னும் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். புகை, இலை என்று இரண்டாகும். புகைப்பதற்கென்றே ஏற்பட்ட இலை என்பது போலப் பெயர் அமைந்துவிட்டது. ஆனால் நம் நாட்டில் இந்த இலையைப் புகைப்பவர்களைவிட மெல்லுபவர்களே மிகுதி. 2016-17இல் இந்தியா முழுவதும் நடந்த புகையிலைக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் 100க்கு 10.7 பேர் புகைத்தனர், 21.4 பேர் புகையில்லாமல் பயன்படுத்தினர். சரியாக இருமடங்கு! வெற்றிலையோடு சேர்த்து மெல்லுவது, சுண்ணாம்பு தேய்த்துக் கன்னத்தில் அடக்குவது, மூக்குப்பொடி, பொட்டலங்களில் வரும் குட்கா எனப் பல வடிவங்கள் அதற்கு உண்டு.

வகுப்பில் எரிதலைப் பற்றிப் பாடம் நடத்தும்போது, முழுமையாக எரியாத பொருளிலிருந்து கார்பன் மோனாக்சைடும் கரித்துகள்களும் வெளிவருவதைச் சொல்லி, சிகரெட்டை எடுத்துக்காட்டாகக் கூறினேன். ஒரு மாணவர் எழுந்து, "சார், எங்கள் தாத்தா புகையிலையை எரிப்பதே இல்லை, வாயில்தான் அடக்கிக்கொள்வார். எரியாத பொருளிலிருந்து கெடுதல் எப்படி வரும்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. இதே கேள்வி ஒரு நூற்றாண்டுக் காலம் மருத்துவர்களையும் வேதியியலாரையும் அலைக்கழித்தது. அதற்கான விடையின் பெரும்பகுதி, நாம் அருவருப்போடு துப்பிவிடும் எச்சிலில் இருந்தது. அந்த வரலாற்றைத்தான் இப்போது காணப் போகிறோம்.

தாம்பூலத்தில் ஒரு புதுவரவு

வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் நம் நாட்டில் மிகப் பழமையானவை. புகையிலை அப்படியன்று. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுகீசியர் வழியாக இந்தியக் கடற்கரையை அடைந்து, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்பரின் அரசவை வரை சென்றது. விரைவிலேயே அது தாம்பூலத்தட்டிலும் இடம்பிடித்தது. யாழ்ப்பாணத்தில் விளைந்த புகையிலை கப்பலேறித் திருவிதாங்கூருக்கு மெல்லுவதற்காகவே சென்றது. ஆக, நான்கு பொருள்கள் ஒரே வாயில், ஒரே நேரத்தில் கூடின. எதனால் எது விளைகிறது என்று பிரித்தறிவது பின்னாளில் பெரும் சிக்கலாக அமைந்ததற்கு இதுவே காரணம்.

நெய்யூரில் கண்ட உண்மை

மேலைநாடுகளில் வாய்ப் புற்றுநோய் அரிது. இந்தியாவிலோ அடிக்கடி காணப்பட்டது. 1902இல் சென்னையில் பணியாற்றிய நிப்லாக் என்னும் அறுவை மருத்துவர் இந்தியாவில் காணப்படும் புற்றுநோய் பற்றி எழுதும்போது, கன்னத்தில் வரும் புற்றுக்கும் தாம்பூலம் மெல்லும் பழக்கத்துக்கும் தொடர்பிருக்கக்கூடும் என்று கருதினார்.

அடுத்து நாம் செல்ல வேண்டிய இடம் நெய்யூர். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள இவ்வூர், அன்று திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்தது. அங்கே இலண்டன் மிஷன் மருத்துவமனை இயங்கியது. அங்கிருந்து 1908இல் பென்ட்டால் என்னும் மருத்துவர் 1,700 புற்றுநோயாளிகளின் விவரத்தைத் தொகுத்து பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார். 1922இலும் 1924இலும் எவரெஸ்ட் மலையேற்றக் குழுக்களில் இடம்பெற்ற சாமர்வெல் பின்னர் பல ஆண்டுகள் அறுவை மருத்துவராகப் பணியாற்றியதும் இதே மருத்துவமனையில்தான்.

1933இல் அங்கே பணியாற்றிய ஐ. எம். ஓர் என்பவர் 'லான்செட்' இதழில் திருவிதாங்கூர்த் தாம்பூலப் பழக்கத்தையும் வாய்ப் புற்றையும் பற்றி விரிவான கட்டுரை வெளியிட்டார். புகையிலையைக் கன்னத்தின் எந்தப் பக்கத்தில் அடக்கி வைக்கிறார்களோ அந்தப் பக்கத்திலேயே புற்று தோன்றுவதை அக்காலத்து மருத்துவர்கள் திரும்பத் திரும்பக் கண்டனர். நோய் தோன்றும் இடமே காரணத்தைச் சுட்டிக்காட்டியது.

விடுதலைக்குப் பின் இந்திய ஆராய்ச்சியாளர்கள் இப்பணியைத் தொடர்ந்தனர். பம்பாய் டாடா நினைவு மருத்துவமனையைச் சேர்ந்த சங்வி, ராவ், கனோல்கர் ஆகியோர் 1955இல் நோயாளிகளையும் நோயில்லாதோரையும் ஒப்பிட்டு, புகைத்தலும் மெல்லுதலும் வாய், தொண்டைப் புற்றுகளோடு கொண்ட தொடர்பை நிறுவினர். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவ நிலையத்தின் டாக்டர் சாந்தாவும் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் 1959இல் இதே வகையான ஆய்வை வெளியிட்டனர். 1969இல், ஐந்து மாவட்டங்களில் 50,915 கிராமத்தினரின் வாயை நேரில் பார்த்துச் செய்த மாபெரும் ஆய்வை பிண்ட்போர்க், மேத்தா, குப்தா முதலியோர் வெளியிட்டனர்.

இவ்வளவும் கண்ணால் கண்டு, எண்ணிக் கணக்கிட்டவை. ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது என்று கூறுவோர் இருந்தனர். "எந்தப் பொருள்? எவ்வளவு? அது உண்மையில் வாய்த் திசுவைத் தொடுகிறதா?" என்று அவர்கள் கேட்டனர். "ஒரு நாளைக்கு எத்தனை முறை மெல்லுகிறீர்கள்?" என்றால் சிலர் குறைத்துச் சொல்வர், சிலர் மறைப்பர், பலருக்கு நினைவே இராது. மனிதரின் சொல்லை நம்பாமல் அளந்து அறிய ஒரு வழி தேவைப்பட்டது.

உமிழ்நீர் என்னும் கரைப்பான்

வாயிலுள்ள மூன்று இணைப் பெருஞ்சுரப்பிகளும் நூற்றுக்கணக்கான சிறு சுரப்பிகளும் சேர்ந்து நாள்தோறும் அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கின்றன. அதில் 100க்கு 99 பங்கு தண்ணீர்தான். எஞ்சிய ஒரு பங்கில் உப்புகள், நொதிகள், புரதங்கள் அடங்கியுள்ளன. உமிழ்நீர் மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றுவதை 1831இல் லூக்ஸ் என்னும் ஜெர்மானியர் கண்டறிந்தார். அதுவரை வெறும் வழுவழுப்பு நீர் என்று எண்ணப்பட்டது, வேதியியல் செயல் புரியும் திரவம் என்று தெரியவந்தது.

நம் சிக்கலுக்கு இன்னொரு பண்பு முக்கியமானது. உமிழ்நீர் ஒரு நல்ல கரைப்பான். வாயில் அடக்கிய புகையிலையிலிருந்து நிக்கோட்டின் முதலான பொருள்கள் இந்நீரில் கரைந்துதான் கன்னத்தின் மெல்லிய தோலைச் சேர்கின்றன.

இங்கே சுண்ணாம்பு செய்யும் வேலையைக் கவனியுங்கள். நிக்கோட்டின் ஒரு காரப்பொருள். மின்னூட்டம் பெற்ற நிலை, மின்னூட்டமற்ற நிலை என இரு நிலைகளில் அது நீரில் இருக்கும். இரண்டாம் நிலையில் உள்ளதுதான் வாய்த் தோலை எளிதில் ஊடுருவும். பி.எச். மதிப்பு 6 ஆக இருக்கும்போது 100இல் ஒரு பங்கு நிக்கோட்டின் மட்டுமே மின்னூட்டமற்றதாக இருக்கும், 7இல் ஏறத்தாழ 9 பங்கு, 8இல் பாதி, 9இல் 91 பங்கு! இயல்பான உமிழ்நீரின் பி.எச். 7ஐ ஒட்டியது. சுண்ணாம்பு சேர்ந்தவுடன் அது ஏறிவிடுகிறது. 'சுண்ணாம்பு சேர்த்தால்தான் பிடிக்கும்' என்று மெல்லுவோர் சொல்வது வேதியியல்படி முற்றிலும் உண்மை. மேலைநாட்டுப் பொடித் தொழிற்சாலைகள் சோடியம் கார்பனேட் போன்ற காரங்களைச் சேர்ப்பதும் இதே நோக்கத்துக்காகத்தான். நம் முன்னோர் பட்டறிவால் கண்டதை அவர்கள் ஆலையில் செய்கிறார்கள்.

இவ்வாறு உமிழ்நீர் நஞ்சைச் சுமந்து செல்லும் ஊர்தியாகிறது. சுமந்து சென்றது எது என்பதற்கான தடயமும் அதிலேயே தங்குகிறது. உடலில் நடக்கும் ஒன்றைத் தன் இருப்பால் காட்டிக்கொடுக்கும் இத்தகைய பொருளை 'பயோமார்க்கர்' என்பர். நாம் 'அடையாளப் பொருள்' என்று சொல்லிக்கொள்வோம்.

கைவிட்ட முதல் சாட்சி

உமிழ்நீரில் முதலில் அகப்பட்ட அடையாளப் பொருள் தயோசயனேட். வேதியியல் ஆய்வகத்தில் உப்புகளைப் பகுத்தறியும்போது, இரும்பு உப்புக் கரைசலில் தயோசயனேட்டைச் சேர்த்ததும் இரத்தச் சிவப்பு நிறம் தோன்றுவதைப் பார்த்திருப்பீர்கள். உமிழ்நீரும் இரும்பு உப்போடு சேர்ந்து இவ்வாறு சிவப்பதை 1814இலேயே டிரெவிரானஸ் என்பவர் குறித்தார்.

புகைப்பவர்களின் உமிழ்நீரில் இது மிகுதி. காரணம் எளிது. சிகரெட்டுப் புகையில் ஹைட்ரஜன் சயனைடு என்னும் கொடிய நஞ்சு சிறிதளவு உண்டு. கல்லீரல் அதைத் தீங்கு குறைந்த தயோசயனேட்டாக மாற்றுகிறது. அது இரத்தத்தின் வழியே உமிழ்நீரை அடைகிறது. ஆகவே 20ஆம் நூற்றாண்டில் தயோசயனேட்டை அளந்து புகைப்பவரைக் கண்டுபிடிக்கும் முறை வழக்குக்கு வந்தது. மூச்சில் வரும் கார்பன் மோனாக்சைடை அளப்பது மற்றொரு முறை.

இம்முறைகளைப் புகையிலை மெல்லுபவரிடம் பயன்படுத்தினால் என்ன ஆகும்? ஒன்றும் தெரியாது! சயனைடும் கார்பன் மோனாக்சைடும் எரிவதால் பிறப்பவை. எரியாத புகையிலையில் அவை எழுவதில்லை. மெல்லுபவரின் அளவு, பழக்கமே இல்லாதவரின் அளவைப் போலவே இருக்கும். போதாக்குறைக்கு, முட்டைக்கோசும் மரவள்ளிக்கிழங்கும் உண்பவரின் உமிழ்நீரிலும் தயோசயனேட் கூடும். மரவள்ளியை நாள்தோறும் உண்ணும் தென் திருவிதாங்கூரில் இந்த அளவை வைத்துக்கொண்டு என்ன முடிவுக்கு வர முடியும்?

என் மாணவர் கேட்ட கேள்வியின் வேர் இங்கேதான் இருக்கிறது. புகையை அளக்கும் கருவி, புகை இல்லாத இடத்தில் 'பூஜ்யம்' என்றுதான் காட்டும். அந்தப் பூஜ்யத்தின் பொருள் 'புகை இல்லை' என்பது மட்டுமே. 'தீங்கு இல்லை' என்பதன்று. தவறான கருவியைக் கொண்டு அளந்துவிட்டுப் பொருளே இல்லை என்று முடிவு கட்டலாகாது என்பது இயற்பியலில் நாம் படிக்கும் முதல் பாடங்களில் ஒன்று.

ஓர் இயற்பியலார் தந்த கருவி

எரித்தாலும் மென்றாலும் புகையிலையிலிருந்து தவறாமல் உடலுக்குள் நுழையும் பொருள் நிக்கோட்டின். 1828இல் ஹைடல்பர்க் நகரில் போசெல்ட், ரைமான் என்னும் இருவர் இதைப் பிரித்தெடுத்தனர். ஆனால் இதை அளப்பதில் ஒரு தொல்லை உண்டு. இரத்தத்தில் இதன் அளவு இரண்டு மணி நேரத்துக்கொருமுறை பாதியாகிவிடும். காலையில் மென்றவரை மாலையில் சோதித்தால் தடயம் மங்கியிருக்கும்.

உடல் நிக்கோட்டினின் பெரும்பகுதியைக் கோட்டினின் என்னும் பொருளாக மாற்றுகிறது. (ஆங்கிலத்தில் நிக்கோட்டின் என்னும் பெயரின் எழுத்துகளையே இடம் மாற்றிப் போட்டு இப்பெயரைச் சூட்டிவிட்டார்கள்!) கோட்டினின் பாதியாக 16 மணி நேரம் அளவுக்கு ஆகும். எனவே ஓரிரு நாள் கழித்தும் அதைக் காணலாம். இரத்தத்தில் உள்ள அளவுக்கு ஏறத்தாழச் சமமாக உமிழ்நீரிலும் அது தோன்றுகிறது. ஊசி குத்த வேண்டியதில்லை; துப்பினால் போதும்.

ஆனால் இவ்வளவு நுண்ணிய அளவை எப்படி அளப்பது? அதற்கு வழிகாட்டியவர் ராசலின் யாலோ என்னும் அம்மையார். அவர் மருத்துவரல்லர், அணுக்கரு இயற்பியலில் பட்டம் பெற்றவர். நியூயார்க்கில் ஒரு மருத்துவமனையில் சாலமன் பெர்சன் என்னும் மருத்துவரோடு சேர்ந்து, 1950களின் இறுதியில், இரத்தத்தில் உள்ள இன்சுலினை அளக்கக் கதிரியக்கத் தடுப்பாற்றல் அளவீட்டு முறையை உருவாக்கினார். இருவரும் அதற்குக் காப்புரிமை பெறவில்லை. 1977இல் யாலோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் அதற்கு 5 ஆண்டுகள் முன்பே மறைந்துவிட்டார்.

அம்முறையின் தத்துவம் எளியது. 100 இருக்கைகள் கொண்ட ஒரு பேருந்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சிவப்புத் தொப்பி அணிந்த 100 பேர் ஏறுகிறார்கள். எல்லா இருக்கையும் சிவப்பாகிவிடும். அவர்களோடு தொப்பி அணியாத 300 பேரும் சேர்ந்து முண்டியடித்தால்? சராசரியாக 25 சிவப்புத் தொப்பிகளுக்கே இடம் கிடைக்கும். உள்ளே அமர்ந்த சிவப்புத் தொப்பிகளை எண்ணினாலே, வெளியிலிருந்து வந்த மற்றவர் எத்தனை பேர் என்று சொல்லிவிடலாம். இங்கே இருக்கை என்பது எதிர்ப்புரதம். சிவப்புத் தொப்பி என்பது கதிரியக்கம் ஊட்டிய கோட்டினின். தொப்பி இல்லாதவர் உமிழ்நீரில் உள்ள கோட்டினின். கதிரியக்கத்தை எண்ணும் கருவி கணக்கைச் சொல்லிவிடும்.

1973இல் அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெலன் வான் வுனாக்கிஸ், ஜான் லாங்கோன் முதலியோர் நிக்கோட்டினுக்கும் கோட்டினினுக்கும் இம்முறையை அமைத்தனர். 1987இல் இங்கிலாந்தில் ஜார்விஸ் குழுவினர் பலவகைச் சோதனைகளை ஒப்பிட்டபோது, புகைப்பவரையும் புகைக்காதவரையும் பிரித்தறிவதில் கோட்டினினே தலைசிறந்தது என்று கண்டனர், தயோசயனேட் பின்தங்கிவிட்டது. உமிழ்நீரில் மில்லிலிட்டருக்கு 14.2 நானோகிராம் என்பது அவர்கள் குறித்த எல்லை. இது எவ்வளவு சிறியது தெரியுமா? 10 இலட்சம் லிட்டர் நீர் கொள்ளும் மேல்நிலைத் தொட்டியில் 14 கிராம் உப்பைக் கரைத்தாற்போல!

புகையிலை மெல்லுபவரின் உமிழ்நீரும் இச்சோதனையில் தப்பவில்லை. புகைப்பவரைப் போலவே அவருடைய உடலும் நிக்கோட்டினை வாங்கிக்கொள்கிறது என்பது ஐயமின்றி நிறுவப்பட்டது.

நஞ்சே பிடிபட்டது

ஆனால் கோட்டினின் புற்றுநோய்க்குக் காரணமன்று. நிக்கோட்டின் பழக்கத்துக்கு அடிமையாக்கும் பொருள். வாய்ப் புற்றை உண்டாக்கும் முதன்மைக் குற்றவாளி அதுவன்று. உண்மையான குற்றவாளி யார்?

1956இல் இங்கிலாந்தில் மகீ, பார்ன்ஸ் என்னும் இருவர் நைட்ரோசமீன் என்னும் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பொருள் எலிகளுக்குக் கல்லீரல் புற்றை உண்டாக்குவதைக் கண்டனர். அமீன்களும் நைட்ரைட்டும் சேரும் இடத்தில் இக்குடும்பத்துப் பொருள்கள் பிறக்கலாம். நிக்கோட்டின் ஒரு அமீன். புகையிலையைப் பதப்படுத்திப் புளிக்க வைக்கும்போது பாக்டீரியாக்கள் நைட்ரைட்டை உண்டாக்குகின்றன. அப்படியானால் தீயே இல்லாமல் இலையிலேயே நஞ்சு பிறக்குமல்லவா?

1974இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஹாஃப்மன், ஹெக்ட் குழுவினர் இதை மெய்ப்பித்தனர். எரிக்கப்படாத புகையிலையில் நைட்ரோசோநார்நிக்கோட்டின் என்னும் பொருளைக் கண்டனர். சுருக்கமாக இதை என்.என்.என். என்பர். உணவுப் பொருள்களில் காணப்படும் நைட்ரோசமீன்களைவிடப் பல மடங்கு மிகுதியாக அது இருந்தது. பின்னர் என்.என்.கே. என்னும் இன்னொன்றும் சேர்ந்தது.

இவற்றைத் தேடிப் பிடிக்க உதவிய கருவி ஒன்று 1970களின் நடுவில் டேவிட் ஃபைன் என்பவரால் உருவாக்கப்பட்டது. நைட்ரோசமீன் மூலக்கூறில் உள்ள ஒரு பிணைப்பு மிக வலுவற்றது. சூடேற்றினால் அது அறுந்து நைட்ரிக் ஆக்சைடு வெளிவரும். அதை ஓசோனோடு சேர்த்தால் கிளர்வுற்ற நைட்ரஜன் டை ஆக்சைடு உண்டாகி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை உமிழும். ஒளிப்பெருக்கிக் குழாய் அந்த மங்கிய ஒளியை எண்ணிவிடும். உமிழ்நீரில் ஒளிந்த நஞ்சைத் தன் ஒளியாலேயே காட்டிக்கொடுக்கச் செய்த விந்தை இது.

1981இல் ஹாஃப்மனும் ஆடம்ஸும் பொடியை வாயில் அடக்கும் அமெரிக்கர்களின் உமிழ்நீரில் இந்த நைட்ரோசமீன்களைக் கண்டறிந்தனர். 1984இல் பம்பாய்ப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பிடே அம்மையாரும் நியூயார்க் குழுவினரும் சேர்ந்து தாம்பூலம் மெல்லுபவர்களின் உமிழ்நீரை ஆராய்ந்து வெளியிட்டனர். புகையிலையிலிருந்து மட்டுமன்றி, பாக்கிலுள்ள பொருள்களிலிருந்தும் நைட்ரோசமீன்கள் வாயில் தோன்றுவதை இத்தகைய ஆய்வுகள் காட்டின. 1986இல் என்.என்.என்., என்.என்.கே. இரண்டையும் கலந்து எலிகளின் வாயில் தடவியபோது வாய்க்கட்டிகள் தோன்றின. நெய்யூர் மருத்துவர்கள் கன்னத்தில் கண்டதற்கு வேதியியல் விளக்கம் கிடைத்துவிட்டது.

இதற்கிடையே 1982இல் ஹான்ஸ் ஸ்டிச் என்னும் கனடா நாட்டு அறிஞர் தாம்பூலம் மெல்லுபவர்களின் கன்னத்திலிருந்து உதிரும் செல்களை நுண்ணோக்கியில் பார்த்தார். உட்கருவுக்கு அருகே, உடைந்த குரோமோசோம் துணுக்குகளால் ஆன குட்டி உட்கருக்கள் மிகுதியாகத் தென்பட்டன. நஞ்சு வாயில் இருக்கிறது என்பதோடு, அது மரபுப் பொருளைச் சிதைக்கிறது என்பதும் வெளிப்பட்டது.

சான்றுகள் குவிந்தன. 1985இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, புகையிலை சேர்த்த தாம்பூலம் மனிதருக்குப் புற்று உண்டாக்கும் என்று அறிவித்தது. 2004இல் வெளியான அதன் அறிக்கை, புகையிலை சேராத தாம்பூலமும் பாக்கும்கூட அவ்வாறே என்றது. 'வெறும் பாக்குதானே' என்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். வாய் திறக்க முடியாதபடி கன்னத்தை நாராக இறுக்கும் நோய்க்கு முதன்மைக் காரணம் பாக்குதான். 2007இல் வெளியான அறிக்கையில் என்.என்.என்., என்.என்.கே. இரண்டும் முதல் வகைப் புற்றூக்கிகளாக வகைப்படுத்தப்பட்டன.

துப்பினால் புற்று தெரியுமா?

"அப்படியானால், உமிழ்நீரைச் சோதித்தே புற்றுநோயைக் கண்டுபிடித்துவிடலாமே?" என்று நீங்கள் கேட்கலாம். அறிவியலாரும் அதைத்தான் கேட்டனர். 2004இல் கலிபோர்னியாவில் டேவிட் வாங் குழுவினர், வாய்ப் புற்றுநோயாளிகளின் உமிழ்நீரில் ஏழு வகைச் செய்தி ஆர்.என்.ஏ.க்கள் கூடுதலாக இருப்பதைக் கண்டனர். 2008இல் உமிழ்நீரிலுள்ள 1,166 புரதங்களின் பட்டியல் வெளியாயிற்று. நம்பிக்கையூட்டும் பணிகள் இவை. ஆயினும் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு சோதனை, நோயுள்ள 100 பேரில் 90 பேரைச் சரியாகக் காட்டுகிறது, நோயற்ற 100 பேரில் 90 பேரைச் சரியாக விலக்குகிறது என்று கொள்வோம். 10,000 பேர் உள்ள ஊரில் 10 பேருக்கு நோய் என்று வைத்துக்கொள்வோம். சோதனை அவர்களில் 9 பேரைக் கண்டுபிடிக்கும். ஆனால் நோயற்ற 9,990 பேரில் 999 பேரையும் நோயாளி என்று காட்டும். 1,008 பேர் அஞ்சி நடுங்க, அவர்களில் உண்மையில் நோயுள்ளவர் 9 பேர் மட்டுமே! 90 விழுக்காடு என்பது தேர்வில் நல்ல மதிப்பெண். ஊர் முழுவதையும் சோதிக்க அது போதாது. மேலும் மெல்லுபவர்களின் ஈறு அழற்சியாலும் இப்பொருள்களில் சில கூடிவிடும். ஆகவே அடையாளப் பொருள் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பிரித்தறிவது மிக முக்கியம். கோட்டினின் 'பழக்கம் உண்டு' என்கிறது. நைட்ரோசமீன் 'நஞ்சு தொடுகிறது' என்கிறது. 'உனக்குப் புற்று வந்துவிட்டது' என்று இரண்டும் சொல்வதில்லை.

ஒரு கண்ணாடியும் ஒரு விளக்கும்

அப்படியானால் நாம் எதற்காகக் காத்திருக்க வேண்டும்? காத்திருக்கவே வேண்டியதில்லை. வாய்ப் புற்றுக்கு ஓர் இரக்க குணம் உண்டு. அது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்துவிட்டு வருகிறது. 1996இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று மக்களின் வாயைப் பார்த்தார்கள். 2005இல் வெளியான முடிவின்படி, புகையிலையோ மதுவோ பயன்படுத்துவோரில், பார்க்கப்பட்ட பகுதிகளில் வாய்ப் புற்றால் நேரும் இறப்பு, பார்க்கப்படாத பகுதிகளைவிட 34 விழுக்காடு குறைவாக இருந்தது.

பழக்கத்தை விடுவதாலும் பயன் உண்டு என்பதற்கும் சான்று இருக்கிறது. மூன்று மாவட்டங்களில் 36,000 புகையிலைப் பழக்கமுள்ளோரிடம் எடுத்துச் சொல்லிப் பழக்கத்தைக் குறைக்கச் செய்த ஆய்வு 1986இல் வெளியாயிற்று. எடுத்துச் சொன்ன இடங்களில் பழக்கத்தை விட்டவர் கூடினர். புற்றுக்கு முன்னோடியான வெண்திட்டுகள் புதிதாகத் தோன்றுவது குறைந்தது.

உங்கள் வீட்டில் புகையிலை அடக்கும் தாத்தாவோ, பாட்டியோ, பொட்டலம் பிரிக்கும் அண்ணனோ இருந்தால் இதைச் செய்யுங்கள். பகல் வெளிச்சத்தில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கின் ஓரம், நாக்கின் அடி ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். வழித்தாலும் போகாத வெண்திட்டு, வெல்வெட்டுப் போன்ற செந்திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வழக்கமான காரத்தையும் தாங்க முடியாத எரிச்சல், வாயை முன்போல் திறக்க முடியாமை, காரணமின்றி ஆடும் பல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே பல் மருத்துவரிடமோ அரசு மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்லுங்கள். வலி இல்லை என்று தள்ளிப்போடாதீர்கள். தொடக்கத்தில் வலி இருக்காது.

என் மாணவருக்கு நான் சொன்ன விடை இதுதான்: "உன் தாத்தாவின் வாயில் தீ எரியவில்லை. ஆனால் நஞ்சு இலையிலேயே பிறந்துவிட்டது. சுண்ணாம்பு அதற்குத் துணை நிற்கிறது. எச்சில் அதைக் கன்னத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது." அடுத்த வாரம் அவர் வந்து, தாத்தாவின் வாயைக் கைவிளக்கு அடித்துப் பார்த்ததாகச் சொன்னார். இடது கன்னத்தில், புகையிலை அடக்கும் அதே இடத்தில், ஒரு வெண்திட்டு இருந்ததாம். மருத்துவரிடம் காட்டியிருக்கிறார்கள். அது இன்னும் புற்றாகவில்லை. தாத்தா புகையிலையைக் குறைத்திருக்கிறார்; விட்டபாடில்லை. பேரன் ஞாயிறுதோறும் கைவிளக்கோடு அவர் எதிரே உட்கார்ந்துவிடுகிறானாம்.